அண்ணியின் நாக்கும் ஒன்பது வகைப் பையும்

மார்ச் 3, செவ்வாய்

பஸ்ஸில் ஏழு மணி நேரம். அதில் ஆறு மணி நேரம் அண்ணி பேசினார், ஒரு மணி நேரம் தூங்கினார். தூக்கத்திலும் ஏதோ விலை சொன்னார். மொத்த மார்க்கெட்டில் முப்பத்தோரு வருஷமாகக் காய்கறி ஏலம் கூவுகிறவர், வாய் சும்மா இருக்குமா?

என் வீட்டுக்காரரின் அக்காவை நான் தனியாக ஆஸ்பத்திரிக்கு அழைத்து வருவேன் என்று போன வருஷம் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். தம்பிதான் வந்திருக்க வேண்டும். அவருக்கு ஊசியைக் கண்டாலே கண் இருட்டும். அக்காவின் நாக்கிலிருந்து சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பிய அன்று, அக்காவை ஒரு கட்டிலிலும் தம்பியைப் பக்கத்துக் கட்டிலிலும் போட்டிருந்தார்கள். "அவன் வேண்டாம். அவனையும் சேத்து யாரு தூக்குறது? தையக்காரி வரட்டும்" என்று அண்ணி தீர்ப்புச் சொல்லிவிட்டார். தையக்காரி நான்தான். ஜன்னல் திரை தைப்பது என் தொழில். கல்யாணமாகி இந்த இருபத்தெட்டு வருஷத்தில் அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

லாட்ஜில் பதினான்காம் நம்பர் அறை. இரண்டு கட்டில், ஒரு மேசை, கோணலாக மடித்துத் தைத்த ஒரு திரை. அதைப் பார்த்துக்கொண்டே எப்படித் தூங்குவது என்று தெரியவில்லை.

மார்ச் 4, புதன்

பெரிய டாக்டரைப் பார்த்தோம். சுற்றி வளைக்காமல் பேசுகிற மனிதர். நாக்கின் இடது ஓரத்தில் இருப்பது புற்றுதான். அடுத்த செவ்வாய் வெட்டி எடுக்கிறார்கள். ஒரு வாரம்கூடத் தள்ளக் கூடாதாம். பிறகு பேச்சு மாறும், எவ்வளவு என்று இப்போதே சொல்ல முடியாது. ருசியும் மாறலாம். கடித்துச் சாப்பிட மாதக்கணக்காகும்.

அண்ணி கேட்ட ஒரே கேள்வி: "அதுவரைக்கும் என்ன வேணா சாப்பிடலாமா டாக்டர்?"

"காரம் வேண்டாம். வலிக்காததா எதுவும் சாப்பிடுங்க."

வெளியே வந்ததும் நான் அழத் தயாராக இருந்தேன். அண்ணி விடவில்லை. தெருமுனையில் ஒரு பலகையைக் காட்டி, "ஏ தையக்காரி, அங்க பாரு. 'சூடான பை கிடைக்கும்'னு போட்டிருக்கான். பையை எதுக்குடி சூடா குடுக்குறான்? இஸ்திரி போட்டுத் தர்றானா?" என்றார்.

அது சின்ன ஓட்டல், பை என்பது ஏதோ இங்கிலீஷ் பலகாரமாம். ஆறு மேசை. வெண்ணெய் போட்டுப் பிசைந்த மாவைக் கிண்ணமாக்கி, உள்ளே கறியோ பழமோ வைத்து, மாவாலேயே மூடி, அடுப்பில் வேகவைக்கிறார்கள். ஓரத்தைச் சுற்றி விரலால் மடித்திருந்த அழகைப் பார்த்தேன். லாட்ஜ் திரையைத் தைத்தவன் இங்கே வந்து ஒரு வாரம் வேலை கற்றுக்கொள்ளலாம்.

கோழிப் பை சொன்னோம். அண்ணி நன்றாக ஆறவிட்டு, வலது பக்கமாகவே மென்று சாப்பிட்டார். முடித்துவிட்டு மார்க்கெட்டில் மூட்டையைத் தட்டுகிற மாதிரி மேசையைத் தட்டினார். "முதல் தரம்."

சுவரில் ஒன்பது வகை எழுதியிருந்தது. செவ்வாய்க்குள் ஒன்பதையும் ருசி பார்த்துவிட வேண்டுமாம். "இந்த நாக்குக்கு நான் செய்யுற மரியாதை. இத்தனை வருஷம் எனக்கு உழைச்சிருக்கு."

மார்ச் 5, வியாழன்

காளான் – இரண்டாம் தரம் ("உப்பு வெட்கப்படுது"). ஆப்பிள் – முதல் தரம்.

கடைக்காரம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும். முழங்கை வரை மாவு. சமைப்பதும் அவர், மேசை துடைப்பதும் அவர். இன்று அண்ணியின் தட்டில் மட்டும் பை ஏற்கனவே ஆறியிருந்தது, ஓரத்துக் கெட்டி மாவை நறுக்கி எடுத்திருந்தார். நாங்கள் எதுவும் சொல்லவில்லை. அவரும் எதுவும் கேட்கவில்லை. வலது பக்கமாக மெல்லுவதை நேற்றே பார்த்திருக்கிறார்.

முன்பின் தெரியாத ஒருத்தர் இப்படி நம்மைக் கவனிப்பது எவ்வளவு பெரிய விஷயம். நான் நன்றி சொன்னதற்கு, "எதுக்கு?" என்று முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டார்.

மார்ச் 6, வெள்ளி

ஆட்டுக்கறிப் பை. முதல் தரம், ஆனால் பாதிதான் முடிந்தது. வலி. மீதியை நான் சாப்பிட்டேன்.

இதை இங்கேதான் எழுத முடியும். பத்து வருஷத்துக்கு முன்னால் என் தையல் கடையை மூடினேனே, அந்த வாரம் சொந்தக்காரர்கள் எல்லாரும் இருக்கும்போது அண்ணி சொன்னார்: "இவ கை வச்சது எதுதான் நேரா வந்திருக்கு?" எல்லாரும் சிரித்தார்கள். நான் சமையலறைக்குள் போய்ச் சுவரைப் பார்த்துச் சொன்னேன், அந்த நாக்கு அழுகிப் போகட்டும் என்று. சத்தமாகத்தான் சொன்னேன். யார் காதிலும் விழவில்லை.

இப்போது தினமும் டார்ச் அடித்து அந்த நாக்கைப் பார்த்து மருந்து தடவுகிறேன். ஏன்டி சொன்னே? வேற வார்த்தையே கிடைக்கலையா உனக்கு?

மார்ச் 7, சனி

உருளைக்கிழங்கு வெங்காயப் பை, பூசணிப் பை. இரண்டுமே முதல் தரம். தாராளம் கூடிக்கொண்டே போகிறது.

மார்ச் 8, ஞாயிறு

கீரையும் முட்டையும் வைத்தது – மூன்றாம் தரம். அண்ணி அதைக் கடைக்காரம்மாவின் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். அவர் கோபப்படாமல் ஒரு விள்ளல் வாயில் போட்டுப் பார்த்து, "ஆமாக்கா, கீரையைச் சரியா பிழியல" என்றார். சாக்லேட் – அண்ணி தரம் சொல்லவில்லை, கண்ணை மூடிக்கொண்டார். எலுமிச்சை மட்டும் பாக்கி. புளிப்புப் பட்டால் புண் எரியும் என்று அதைக் கடைசிக்குத் தள்ளி வைத்திருக்கிறார்.

சாயங்காலம் அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். சமையலறை, சுவர், அந்த வார்த்தை. சொல்லி முடிப்பதற்குள் ஒரு துண்டை நாலு தடவை மடித்து நாலு தடவை பிரித்தேன்.

அண்ணி என் கையிலிருந்த துண்டைப் பிடுங்கித் தன் மடியில் போட்டுக்கொண்டார்.

"நீ சாபம் விட்டா பலிக்கிற அளவுக்குப் பெரிய ஆளாடி?"

"அண்ணி..."

"மார்க்கெட்ல பாதிப் பேரு தினமும் என் நாக்குக்குச் சாபம் விடுறான். விலை ஏத்தினா வாங்குறவன், இறக்கினா விக்குறவன். அவனுங்களையெல்லாம் தள்ளிட்டு நீ முன்னாடி வந்து நிக்காத. வரிசையில நில்லு."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து மூக்கு ஒழுகியது. அண்ணி அந்தத் துண்டையே நீட்டினார். பிறகு, என் முகத்தைப் பார்க்காமல், "அன்னைக்கு நான் சொன்னதும் தப்புதான். உன் கடை போனதுல எனக்கும் ஆத்திரம். யார் மேல காட்டுறதுன்னு தெரியல, உன் மேலயே காட்டிட்டேன்" என்றார்.

பத்து வருஷம் தூக்கிச் சுமந்தேன். இறக்கி வைக்கப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. நன்றி, நன்றி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், யாருக்கு என்று தெரியாமல்.

மார்ச் 9, திங்கள்

வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

காலையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். அண்ணியை ரத்தம் எடுக்க உள்ளே கூட்டிப் போனார்கள். நர்ஸ் வந்து, "பழைய ஸ்கேன் படம், சதை சோதிச்ச சீட்டு, ரெண்டும் ஒரிஜினல் குடுங்க. பதினோரு மணிக்கு மயக்க டாக்டர் பாத்து ஓகே சொன்னாத்தான் நாளைக்கு லிஸ்ட்ல பேர் இருக்கும். இல்லைன்னா அடுத்த தேதி மூணு வாரம் கழிச்சுத்தான்" என்றார்.

இரண்டும் நான் தைத்த நீலத் துணிப் பையில் இருக்கின்றன. பை லாட்ஜ் அறைக் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. பத்திரமாக இருக்கட்டும் என்று தொங்கவிட்ட புத்திசாலி நான்.

மணி பத்து பத்து. கையெழுத்து வாங்க வருவோம், நகரக் கூடாது என்று என்னை உட்கார வைத்திருந்தார்கள். லாட்ஜுக்குப் போன் செய்தேன். "பதினாலாம் நம்பர்ல இருந்து பேசுறேன். எங்க பையை உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க. ரொம்ப அவசரம், பதினோரு மணிக்குள்ள வேணும்!" வரவேற்பில் இருந்தவர், "கவலைப்படாதீங்கம்மா, இப்பவே சொல்லிடுறேன்" என்றார். 'சொல்லிடுறேன்' என்றாரே, அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா?

பத்து முப்பத்தைந்துக்குக் கடைக்காரம்மா வந்து நின்றார். மாவு அப்பிய ஏப்ரன், கையில் ஆவி பறக்கும் பொட்டலம். "கோழிதான்க்கா. அவங்களுக்கு அதுதானே பிடிக்கும்? நாலா வெட்டிட்டேன்."

"பை எங்கம்மா?"

"இதுதான்க்கா பை."

"ஐயோ, இந்தப் பை இல்லம்மா! அந்தப் பை! துணிப் பை!"

நாங்கள் தினமும் பை சாப்பிடுவது தெரிந்த லாட்ஜ்காரர் ஓட்டலுக்குச் சொல்லியிருக்கிறார்! நான் போட்ட சத்தத்தில் நர்ஸ் திரும்பிப் பார்த்தார். அழுதுகொண்டே ஏதோ உளறினேன். ஸ்கேன், மூணு வாரம், கதவு. கடைக்காரம்மா பாதியில் நிறுத்தி ஒன்றே ஒன்று கேட்டார்: "என்ன கலரு?" நீலம் என்றேன். பொட்டலத்தை என் மடியில் போட்டுவிட்டு ஓடினார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன், ஏப்ரனோடு ஸ்கூட்டரில் ஏறிப் போனார்.

அந்த இருபது நிமிஷம் மடியில் சுடச்சுடப் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தொடை சுட்டது. எடுத்துக் கீழே வைக்கத் தோன்றவில்லை.

பத்து ஐம்பத்தாறுக்கு நீலப் பை வந்தது, கைப்பிடியில் ஐந்து விரலும் மாவாக. மயக்க டாக்டர் படங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சரி என்றார். லிஸ்ட்டில் பேர் இருக்கிறது.

விஷயத்தைக் கேட்டு அண்ணி வலியையும் மீறிச் சிரித்தார். கோழிப் பையைப் பெரிய டாக்டர் அறைக்கே கொடுத்தனுப்பினார். "நாளைக்கு அவர் கையில பலம் இருக்கணும்ல!"

மதியம் துணி எடுக்க லாட்ஜுக்குப் போகும்போது ஓட்டல் பலகையைப் பார்த்தேன். 'இன்று மதியம் பை இல்லை' என்று எழுதியிருந்தது. உள்ளே புகை வாசனை. கடைக்காரம்மா ஸ்கூட்டரில் அலைந்த நேரத்தில் அடுப்பில் இருந்த இரண்டு தட்டும் கருகிவிட்டன. அத்தனையும் எலுமிச்சை. காலையிலேயே அண்ணிக்காகச் சர்க்கரை கூட்டிச் செய்ததாம். நான் கையைப் பிடித்துக்கொண்டதும், "அட விடுங்கக்கா. லெமன் பையை யாரு சாப்பிடுறா, நாலு பேரு" என்றார்.

சாயங்காலம் ஆறு மணிக்கு வார்டில் ஒரு கூத்து. அண்ணி கட்டிலில் எழுந்து நின்று சுவர்க்கடிகாரத்தை ஏலம் விட்டார். "ஓடுற கடிகாரம்! நர்ஸ் வர்ற நேரத்தை மட்டும் தப்பாக் காட்டும்! யாரு கேக்குறீங்க?" தொண்டையில் கட்டுப்போட்ட ஒருவர் கையை உயர்த்தித் தன் தலையணையைக் காட்டினார். எதிர்க் கட்டில் அம்மா ரெண்டு நாள் தூக்கம் தருகிறேன் என்றார். ஜன்னலோரத்துக்காரர் தன் மாமியாரைத் தருவதாகச் சொன்னார். "ஒரு தரம், ரெண்டு தரம்..." அந்தக் குரல் வார்டு முழுக்கக் கணீரென்று போயிற்று. இத்தனை வருஷம் காதைப் பொத்திக்கொண்டு கேட்ட குரல். இன்று ஒரு எழுத்தைக்கூட விடாமல் கேட்டேன்.

மார்ச் 10, செவ்வாய்

7.40க்கு உள்ளே போனார். கதவு மூடும்வரை பேசிக்கொண்டேதான் போனார்.

பிறகு: 12.15க்கு வெளியே. மூக்கில் குழாய், கழுத்தில் கட்டு. "நினைச்சதைவிடக் கொஞ்சமாத்தான் எடுத்தோம்" என்றார் டாக்டர். ஊரில் இருக்கும் என் வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். டாக்டர் சொன்னதை மூணு தடவை திரும்பச் சொல்ல வைத்தார்.

மார்ச் 13, வெள்ளி

அண்ணி பேசவில்லை. பேசக் கூடாது. சிலேட்டில் எழுதிக் காட்டுகிறார். இன்று எழுதியது: "நீ பேசு."

என்ன பேச?

"எதையாவது. காது காயுது."

காலையிலிருந்து பேசுகிறேன். துணி வகை, திரைக் கம்பி, கீழ்வீட்டுக்காரி, என் மருமகன் குறட்டை. இவ்வளவு பேச்சு எனக்குள் இருந்தது எனக்கே தெரியாது. நடுவில் நிறுத்தினால் சிலேட்டில் தட்டுகிறார்.

மார்ச் 18, புதன்

ரிப்போர்ட் வந்துவிட்டது. வெட்டிய ஓரமெல்லாம் சுத்தம். கழுத்துக்கும் பரவவில்லை. மேற்கொண்டு வைத்தியம் வேண்டாம், வந்து காட்டிக்கொண்டிருந்தால் போதும்.

நேராக ஓட்டலுக்கு ஓடினேன். மூச்சு வாங்கச் சொன்னேன். கடைக்காரம்மா மாவுக் கையோடு என்னைக் கட்டிக்கொண்டார். மேசையில் இருந்தவர்கள் யாரோ எவரோ, அவர்களும் கை தட்டினார்கள். என் ரவிக்கை முதுகில் இரண்டு வெள்ளைக் கை. அப்படியே ஆஸ்பத்திரிக்குத் திரும்பி நடந்தேன், தட்டிவிட மனசு வரவில்லை.

மார்ச் 22, ஞாயிறு

குழாயை எடுத்துவிட்டார்கள். பேச்சுப் பயிற்சி தரும் பெண் வந்தார். நாக்குக்கு வேலை இல்லாத, உதட்டு எழுத்துகள்தான் முதலில் வருமாம். ம, ப, வ. "எதாவது ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா" என்றார்.

அண்ணி வாயைக் குவித்து, கண்ணை உருட்டி, சொன்னார்: "பை."

தெளிவாக! நான் உடனே குனிந்து கட்டிலுக்கு அடியிலிருந்து நீலத் துணிப் பையை எடுத்து நீட்டினேன்.

அண்ணி அதை வாங்கி என் தலையிலேயே போட்டார்.

மார்ச் 25, புதன்

ஊருக்குப் புறப்பாடு. வழியில் ஓட்டல். மாவு இன்னும் கூடாது என்பதால் கடைக்காரம்மா எலுமிச்சைப் பைக்குள் வைக்கும் மஞ்சள் களியை மட்டும் ஒரு கிண்ணத்தில் தந்தார். அண்ணி கரண்டி நுனியில் எடுத்து வலது பக்கம் வைத்தார். நாங்கள் இருவரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

சிலேட்டைக் கேட்டார். "புளிக்குது" என்று எழுதினார். கீழே ஒரு கோடு போட்டார். பிறகு யோசித்து, "சர்க்கரை அதிகம். ரெண்டாம் தரம்."

கடைக்காரம்மா சிலேட்டைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். தனக்கே வேண்டும் என்று வைத்துக்கொண்டார். நாங்கள் பஸ் நிலையத்தில் வேறு சிலேட்டு வாங்கினோம்.

ஏப்ரல் 19, ஞாயிறு

அண்ணி எங்கள் வீட்டில். தினமும் பயிற்சி. பாதிக்கு மேல் புரிகிறது. ர-வும் ழ-வும் வழுக்குகின்றன. ட சுத்தமாக வரவில்லை, நாக்கை மேலே வளைக்க வேண்டுமே. தம்பியை 'வாடா', 'போடா' என்றே பழகியவர், இப்போது 'வாயா', 'போயா' என்கிறார். "வயசுக்குக் கிடைச்ச மரியாதை" என்று இவர் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்கிறார். அண்ணி செருப்பைத் தேடுகிறார்.

மே 31, ஞாயிறு

அண்ணியை அவர் வீட்டில் விட்டுவிட்டு வந்தோம். மார்க்கெட்டில் ஏலம் இனி வேறொரு பெண் கூவுவாள். அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து தரம் பிரிப்பார். அதற்கு விரல் போதும் என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் முழுதாக நம்பவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இவர் ஜன்னலைப் பார்த்தபடி கேட்டார்: "அந்த 'டா' இனிமே வரவே வராதா?"

நான் வேடிக்கையாக ஏதோ சொல்ல வாயெடுத்து, இவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். அம்மா போன பிறகு இவரை அப்படிக் கூப்பிட உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான்.

ஜூலை 5, ஞாயிறு

இப்போது வீடியோ காலில் பயிற்சி தரும் அந்த ஆஸ்பத்திரிப் பெண் காலையில் போன் செய்து குறைப்பட்டுக்கொண்டார். அண்ணி அட்டவணையில் உள்ள எதையும் சொல்ல மாட்டேன் என்கிறாராம். ஒரு மாதமாக ஒரே வார்த்தையைப் பிடித்துக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்கிறாராம். என்ன வார்த்தை என்று கேட்டேன். எங்கள் வீட்டில் சொல்லக் கூடாது என்று உத்தரவாம்.

பதினோரு மணிக்கு அண்ணியிடமிருந்து போன். இவர் எடுத்தார். நான் அடுத்த அறையில் மிஷினில் இருந்தேன், ஊசிக்கு நூல் கோத்துக்கொண்டு. "சொல்லுக்கா" என்றார். அதற்குப் பிறகு சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தால், போனைக் காதில் வைத்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பயந்துபோய் ஓடினேன். "என்னங்க? என்ன ஆச்சு அண்ணிக்கு?"

"ஒண்ணும் ஆகல. திட்டுறா."

"எதுக்கு?"

"தெரியல" என்றார். கண்ணைத் துடைக்கக்கூட இல்லை. "'டேய்'னு ஆரம்பிச்சா. அதுக்கு அப்புறம் எதுவும் காதுல விழல."